சத்தம் குறைந்தாலும் இசை மெலியாமல் இருக்க: வீட்டு ஸ்பீக்கர் தேர்வுக்கு முழுமையான வழிகாட்டி

இரவில் பாட்டுக் கேட்பவர்களின் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். வால்யூமை ஏற்றினால் அருமையாக ஒலிக்கும் ஸ்பீக்கர், இறக்கியதும் வற்றிப்போகிறது. குரல் மட்டும் முன்னால் நிற்கிறது. பேஸ் கிட்டார் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, மிருதங்கத்தில் வலந்தலை கேட்கிறது, தொப்பி காணாமல் போகிறது. உடனே இன்னும் பெரிய ஸ்பீக்கர், இன்னும் அதிக வாட் ஆம்ப்ளிஃபயர் என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

குறை பெரும்பாலும் ஸ்பீக்கரில் இல்லை, நம் காதில் இருக்கிறது. சத்தம் குறையும்போது காது எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் குறைத்துக் கேட்பதில்லை, தாழ்ந்த ஒலிகளை மட்டும் அதிகமாகக் கழித்துவிடுகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரானாலும் இதிலிருந்து தப்ப முடியாது. ஆகவே ஸ்பீக்கரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது வேறு: காது கழிப்பதைத் திருப்பிக் கூட்டிக் கொடுக்கும்போது அது திணறாமல் தர வேண்டும், சொந்தமாக இரைச்சல் எதையும் சேர்க்கக் கூடாது. இனி வரும் படிகள் எல்லாம் இதை ஒட்டித்தான். முதல் மூன்று படிகளுக்குச் செலவே கிடையாது என்பதால் அவற்றைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

## காது எவ்வளவு கழிக்கிறது?

1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து வளைகோடுகளாக வெளியிட்டார்கள். பிற்பாடு வந்த அளவீடுகள் அவற்றைத் திருத்தின. இன்று புழக்கத்தில் இருப்பது ஐ.எஸ்.ஓ. 226 என்ற சர்வதேசத் தரம். அது 2003-லும் 2023-லும் புதுப்பிக்கப்பட்டது.

அந்த 2003 பதிப்பின் எண்களை எடுத்துக்கொள்வோம். (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு. ஹெர்ட்ஸ் என்பது ஒலி தாழ்ந்ததா உச்சமா என்பதன் அளவு, எண் குறையக் குறைய ஒலி தாழும்.) 1000 ஹெர்ட்ஸ் ஒலி 80 டெசிபலில் எவ்வளவு பலமாகக் கேட்கிறதோ, அதே பலத்தில் 50 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க அது சுமார் 102 டெசிபல் இருக்க வேண்டும். 60 டெசிபலுக்கு ஈடாகக் கேட்க 90 வேண்டும், 40-க்கு ஈடாக 78. இப்போது வால்யூமை 20 டெசிபல் இறக்குங்கள். எல்லா ஒலிகளும் சமமாக 20 இறங்கும், 102 என்பது 82 ஆகும். காதுக்குத் தேவையோ 90. ஆக 50 ஹெர்ட்ஸில் 8 டெசிபல் பள்ளம் விழுந்துவிட்டது. 40 டெசிபல் இறக்கினால் பள்ளம் 16. சற்று மேலே, 100 ஹெர்ட்ஸில், 20 டெசிபல் இறக்கத்துக்கு 6 டெசிபல் குறைகிறது.

பாட்டில் 50 ஹெர்ட்ஸ் ஒலி 102 டெசிபலில் இருக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. நமக்கு வேண்டியது அந்த வித்தியாசம் மட்டும்தான். ஸ்டுடியோவில் இசையை மிக்ஸ் செய்பவர்கள் பெரும்பாலும் 80 டெசிபலை ஒட்டிய சத்தத்தில் கேட்டுத்தான் பேஸ் (தாழ்ந்த ஒலி) எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். சினிமா மிக்ஸிங் அரங்குகளில் ஒரு சேனலுக்கு 85 டெசிபல் என்பதே வழக்கமான அளவுகோல். அதை நாம் வீட்டில் 55, 60-இல் கேட்கிறோம். அவர்கள் முடிவு செய்த விகிதம் அங்கேயே உடைந்துவிடுகிறது.

ட்ரெபிள் (உச்ச ஒலி) பக்கம் இந்த இழப்பு மிகவும் சின்னது. பேஸையும் ட்ரெபிளையும் சேர்த்து ஏற்றி, நடுவில் குழி விழுந்த ஈக்குவலைசர் (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி) அமைப்பைச் சிலர் பரிந்துரைப்பார்கள். மேல் பக்கம் அவ்வளவு தூக்கினால் சீக்கிரம் காது சலித்துப்போகும்.

## படி 1: உங்கள் ‘மெதுவாக’ எத்தனை டெசிபல்?

ஒருவர் மெதுவாக என்பது இன்னொருவருக்குச் சத்தமாக இருக்கும். அதனால் அளந்துவிடுவது நல்லது. போனில் ஒலி அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமான வால்யூமில் ஒரு பாட்டை ஓடவிட்டுச் சராசரியைப் பாருங்கள். போன் மைக்கில் சில டெசிபல் பிசகு வரும், நம் வேலைக்கு அது பரவாயில்லை.

செயலியில் ‘ஏ’ என்றும் ‘சி’ என்றும் இரண்டு அளவு முறைகள் இருக்கும். ‘ஏ’ முறை காதைப் போலவே தாழ்ந்த ஒலிகளைக் கழித்துக் காட்டும், 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபல் வரை. ‘சி’ முறை அங்கே ஏறக்குறைய உள்ளதை உள்ளபடி காட்டும். பொதுவான சத்தத்தை அறிய ‘ஏ’ போதும். பேஸைக் கூட்டிக் குறைத்துச் சோதிக்கும்போது ‘சி’-க்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஒரு மீட்டர் தள்ளி இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபல். உங்கள் எண் 70-க்கு மேல் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது, நல்ல ஸ்பீக்கர் ஒன்றே போதும். 55 முதல் 65 வரை என்றால் மிதமான ஈடு, அதாவது காது கழிப்பதைக் கூட்டிக் கொடுப்பது, தேவை. 50-க்கும் கீழே கேட்பவர் என்றால் ஸ்பீக்கரைவிட அடுத்த இரண்டு படிகள்தான் முக்கியம்.

## படி 2: அறையின் இரைச்சலைக் குறையுங்கள்

பாட்டை நிறுத்திவிட்டு அதே இடத்தில் அளந்து பாருங்கள். அமைதியான அறை இரவில் 30 டெசிபல் பக்கம் இருக்கும். மின்விசிறியும் ஏ.சி.யும் ஓடினால் 40, 45 என்று சுலபமாக ஏறும். 55 டெசிபலில் கேட்கும் இசைக்கும் 45 டெசிபல் இரைச்சலுக்கும் நடுவில் மிஞ்சுவது 10 டெசிபல்தான். இசையின் மெல்லிய பகுதிகள் எல்லாம் அதற்குள் மூழ்கிவிடும்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. விசிறி, ஏ.சி., தெருப் போக்குவரத்து இவற்றின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகளில் குவிந்திருக்கிறது. நாம் ஏற்கெனவே தேடிக்கொண்டிருக்கும் பேஸைத்தான் அது முதலில் மறைக்கும். தாழ்ந்த இரைச்சல் தனக்கு மேலே உள்ள ஒலிகளையும் மறைக்கக்கூடியது. விசிறியை ஒரு படி குறைப்பது, ஜன்னல் இடுக்கை அடைப்பது, ஓயாமல் உறுமும் கணினியை அறைக்கு வெளியே வைப்பது எல்லாம் சின்ன வேலைகள்தான். ஆனால் 5 டெசிபல் இரைச்சல் குறைந்தால், ஆளைத் தொந்தரவு செய்யாமல் வால்யூமை 5 டெசிபல் ஏற்றிய பலன் கிடைக்கும்.

## படி 3: கிட்டே உட்காருங்கள்

தடையில்லாத வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒலியும் கலப்பதால் கணக்கு அப்படியே வராது. இருந்தாலும் ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலிக்கு அது பொருந்தும். 3 மீட்டரிலிருந்து 1.5 மீட்டருக்கு நாற்காலியை நகர்த்தினால் காதில் விழும் நேரடி ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது, பக்கத்து அறைக்குப் போகும் சத்தம் துளியும் கூடுவதில்லை. அறையின் எதிரொலி பின்தங்குவதால் விவரங்களும் தெளிவாகின்றன.

என்னைக் கேட்டால், மிக மெதுவாகக் கேட்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது நாற்காலி இருக்கும் இடத்தைத்தான். ஒன்றரை மீட்டரில் உட்கார்ந்து கேட்கும், அலமாரியில் வைக்கக்கூடிய நடுத்தர புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், நான்கு மீட்டர் தள்ளித் தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கரைவிட நிறைவாக இருக்கும். டவர்களில் பல வூஃபர்கள் (பேஸ் தரும் பெரிய வட்டப் பகுதிகள்) மேலும் கீழுமாக இருப்பதால் அவற்றின் ஒலி ஒன்றாகச் சேரச் சற்றுத் தூரம் வேண்டும். கிட்டே உட்கார்ந்தால் சிதறிக் கேட்கும். ஆகவே எங்கே உட்காரப் போகிறீர்கள் என்பது ஸ்பீக்கரின் வகையையே தீர்மானித்துவிடுகிறது.

## படி 4: ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது

கீழே எதுவரை போகிறது? முதல் கேள்வி இதுதான். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் 41 ஹெர்ட்ஸ், பியானோவின் மிகத் தாழ்ந்த கட்டை 27.5 ஹெர்ட்ஸ். 40 ஹெர்ட்ஸ் வரை நேர்மையாகப் போகும் ஸ்பீக்கர் கிடைத்தால் பெரும்பாலான இசைக்கு அதுவே போதும்.

அந்த ‘நேர்மையாக’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெட்டியில் ‘45 ஹெர்ட்ஸ் – 20 கிலோஹெர்ட்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. கூடவே ‘கூட்டல் கழித்தல் 3 டெசிபல்’ என்று இருந்தால் நம்பலாம். ‘மைனஸ் 6 டெசிபல்’ என்றால் அந்த இடத்தில் ஒலி ஏற்கெனவே நன்றாகச் சரிந்துவிட்டது. ‘மைனஸ் 10 டெசிபல்’ என்று போட்டு எண்ணைக் குறைத்துக் காட்டுபவர்களும் உண்டு. இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது ஒரே அளவுகோலில் கொடுத்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

மூடிய பெட்டியா, போர்ட் (காற்று போய்வரும் துளை) வைத்ததா? மூடிய பெட்டியில் பேஸ் மெதுவாகச் சரியும், ஒரு ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் எண் பாதியாகும் ஒவ்வொரு இறக்கத்துக்கும்) 12 டெசிபல். போர்ட் வைத்த பெட்டி அதைவிடக் கீழே வரை பலமாகத் தந்துவிட்டு, பிறகு 24 டெசிபலில் சடாரென்று விழும். ஈக்குவலைசரில் பேஸைத் தூக்கப்போகிறோம் என்பதால் மெதுவாகச் சரியும் மூடிய பெட்டி நமக்கு வசதியானது. போர்ட் வகையில் போர்ட்டின் அலைவெண்ணுக்குக் கீழே தூக்கினால் கோன் (வூஃபரின் அசையும் கூம்பு) பிடிமானம் இல்லாமல் ஆடும், ஒலியாக எதுவும் வராது. அதற்காகப் போர்ட் ஸ்பீக்கரை ஒதுக்க வேண்டியதில்லை. சந்தையில் பெரும்பாலானவை அந்த வகைதான். எதுவரை தூக்கலாம் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

வூஃபர் அளவு. ஒரே சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழே தர வேண்டுமென்றால் கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். அதனால்தான் பெரிய வூஃபருக்கு மதிப்பு. ஆனால் அந்த நெருக்கடி எல்லாம் உரக்கக் கேட்பவர்களுக்குத்தான். மெதுவாகக் கேட்கும்போது ஐந்து, ஆறரை அங்குல வூஃபருக்குக்கூட நிறைய இடம் மிச்சம் இருக்கும். மெதுவாகக் கேட்பதில் உள்ள ஒரே அனுகூலம் இதுதான், அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அந்த மிச்ச இடத்தில் பேஸைத் தாராளமாகக் கூட்டலாம். ஒரே ஒரு டிரைவர் (ஒலி எழுப்பும் பகுதி) உள்ள மூன்று அங்குல ஸ்பீக்கரை மட்டும் இதற்கு நம்ப வேண்டாம். கீழ்ச் சுரங்களின் மேல் இசைவுகளை வைத்து மூளையே அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் ஊகித்துக்கொண்ட பேஸில் கனம் இருக்காது.

சென்சிடிவிட்டி, வாட். ‘சென்சிடிவிட்டி அதிகமுள்ள ஸ்பீக்கர்தான் மெதுவாக வைத்தாலும் உயிரோடு ஒலிக்கும்’ என்று அடிக்கடி சொல்லக் கேட்கலாம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. சென்சிடிவிட்டி என்பது கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வருகிறது என்ற கணக்கு. ஆரோக்கியமான ஒரு டிரைவர் தான் வேலை செய்யும் எல்லைக்குள் சிறிய சிக்னலையும் பெரிய சிக்னலையும் ஒரே விகிதத்தில்தான் தரும். அப்படி உயிரோடு ஒலிப்பதாகத் தோன்றும் ஸ்பீக்கர்களில் பல, மேல்நடுப் பகுதியைச் சற்றுத் தூக்கிக் கொடுப்பவை. மெதுவாகக் கேட்கும்போது அது தெளிவு போலத் தோன்றும்.

வாட் கணக்கு இன்னும் எளிது. 86 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கர், இரண்டரை மீட்டர் தூரத்தில் சராசரி 60 டெசிபல் தர ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குகூடச் செலவாகாது. இசையின் உச்சங்களையும் கூட்டிய பேஸையும் சேர்த்தால் சில வாட் ஆகும். ஆக, 100 வாட்டா 50 வாட்டா என்ற விவாதம் நமக்குத் தேவையில்லை.

சீரான ஒலி. ஃப்ளாய்ட் டூல் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் நடத்திய ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டின. எந்த ஸ்பீக்கர் என்று தெரியாமல் கேட்கும்போது, நேராகவும் பக்கவாட்டிலும் சீரான அலைவெண் வளைவு உள்ள ஸ்பீக்கர்களையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள். அந்த ஆய்வுகளிலிருந்து பிறந்த அளவீட்டு முறைதான் சி.டி.ஏ. 2034, பேச்சுவழக்கில் ‘ஸ்பினோரமா’. நீங்கள் பார்க்கும் ஸ்பீக்கருக்கு அந்த வரைபடம் கிடைத்தால், நடுப்பகுதியில் மேடு பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். பேஸைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். பக்கவாட்டு ஒலியில் உள்ள கோணலை எந்த ஈக்குவலைசராலும் நிமிர்த்த முடியாது.

சொந்த இரைச்சல். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர்களில் ட்வீட்டரிலிருந்து (உச்ச ஒலி தரும் சின்ன டிரைவர்) ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறல் வரும். உரக்கக் கேட்பவருக்கு அது தெரியாது. இரவில், ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்பவருக்கு அதைவிட எரிச்சல் வேறில்லை. விவரத்தாளில் இரைச்சல் அளவு இருந்தால், ஒரு மீட்டரில் 10 டெசிபலோ அதற்குக் கீழோ என்றால் கவலை வேண்டாம். எண் கிடைக்காவிட்டால் அமைதியான அறையில், எதையும் ஓடவிடாமல், ஸ்பீக்கரை மட்டும் போட்டுக் கேட்டுப் பாருங்கள். கடையில் இந்தச் சோதனை நடக்காது, அங்கே இரைச்சல் அதிகம். திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்குவது இதற்காகத்தான்.

தானாக அணைந்துபோவது. மின்சாரத்தை மிச்சப்படுத்த, சிக்னல் இல்லாவிட்டால் தூங்கிவிடும் வசதி பல ஆக்டிவ் ஸ்பீக்கர்களிலும் சப்வூஃபர்களிலும் (ஆழ்ந்த பேஸ் மட்டும் தரும் தனிப் பெட்டி) உண்டு. மெதுவாக வைத்தால் சிக்னல் வருவதே அவற்றுக்குத் தெரியாது, பாட்டின் நடுவில் அணைந்துவிடும். இந்த வசதியை நிறுத்திவைக்க முடியுமா என்று வாங்குமுன் கையேட்டில் பார்த்துவிடுங்கள். யாரும் கேட்காத கேள்வி, ஆனால் மெதுவாகக் கேட்பவரைத் தினமும் படுத்தும் சங்கதி.

டி.எஸ்.பி. (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் சில்லு) உள்ள ஆக்டிவ் ஸ்பீக்கர்களுக்கு ஒரு கூடுதல் மதிப்பெண் தரலாம். வால்யூம் குறைவாக இருக்கும்போது பேஸை இன்னும் கீழே நீட்டிவிட்டு, ஏற ஏறப் பாதுகாப்புக்காகச் சுருக்கிக்கொள்ளும்படி சிலவற்றை வடிவமைக்கிறார்கள். நம் தேவைக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும்.

## படி 5: கேட்டுப் பார்த்து வாங்குவது

கடையில் உரக்க வைத்துத்தான் காட்டுவார்கள். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று ஒரு டெசிபல் சத்தம் கூடுதலாக இருந்தாலே அதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். அதனால் போன் செயலியை வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, உங்கள் வீட்டு அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

ஆழமான பேஸ் கிட்டார் உள்ள பாட்டு ஒன்று, தனி ஆண் குரல் ஒன்று, மெல்லிய இடங்கள் நிறைய உள்ள வாத்திய இசை ஒன்று போதும். முதலில் அப்படியே கேளுங்கள். அப்புறம் பேஸை 6 டெசிபல் ஏற்றிக் கேளுங்கள். நல்ல ஸ்பீக்கரில் பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கனமாகும், குரல் அப்படியே இருக்கும். எல்லாச் சுரமும் ஒரே ‘டும்’ ஆக மாறினாலோ, குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல ஆனாலோ அடுத்ததைப் பாருங்கள்.

## படி 6: ஆம்ப்ளிஃபயரும் வால்யூம் குமிழும்

ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்குபவர்கள் இதைத் தாண்டிவிடலாம். தனி ஆம்ப்ளிஃபயர் என்றால் ஒரு விஷயம் பாருங்கள். சாதாரண சுழல் குமிழ்களில் ஆரம்பத் திருப்பத்தில் இடது வலது சேனல்கள் சமமாக இருக்காது. குமிழ் எட்டு மணி நிலையிலேயே போதுமான சத்தம் வந்துவிட்டால், நீங்கள் எப்போதும் அந்த மோசமான பகுதியில்தான் கேட்பீர்கள். பாடகர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்வார். இன்புட் சிக்னலைக் குறைப்பதே இதற்கு வழி. மூலக் கருவியில் வெளியீட்டு அளவைக் குறைக்கலாம், ஆம்ப்ளிஃபயரில் கெயின் சுவிட்ச் இருந்தால் அதை இறக்கலாம், அல்லது இடையில் சிக்னலைத் தணிக்கும் அட்டெனுவேட்டர் ஒன்றைப் போடலாம். சென்சிடிவிட்டி மிக அதிகமான ஸ்பீக்கர் இந்த விஷயத்தில் நமக்கு எதிரி என்பது வேடிக்கை.

டிஜிட்டலில் வால்யூம் குறைத்தால் தரம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். ஒரு பிட் என்பது சுமார் 6 டெசிபல். 24 பிட் கருவியில் 48 டெசிபல் இறக்கினாலும் 16 பிட் மிச்சம் இருக்கும்.

## படி 7: இழந்த பேஸைத் திருப்பிக் கொடுப்பது

மொத்த வழிகாட்டியிலும் பலன் அதிகம் தருவது இந்தப் படிதான். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். யோசனை சரி, செயல்பாடு அரைகுறை. குமிழ் இந்த நிலையில் இருந்தால் சத்தம் இவ்வளவு இருக்கும் என்று அது ஊகம் செய்துகொள்கிறது. ஸ்பீக்கரும் தூரமும் மாறினால் அந்த ஊகம் பொய்யாகிவிடும், பேஸ் கொழகொழத்துப்போகும். அதனால் அந்தப் பொத்தானுக்குக் கெட்ட பெயர்.

இப்போது நல்ல வழிகள் உண்டு. யமஹாவின் சில ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்களில் லவுட்னஸ் தனிக் குமிழாக இருக்கிறது. நீங்கள் கேட்கும் அதிகபட்ச சத்தத்தை வால்யூமில் வைத்துவிட்டு, பிறகு லவுட்னஸ் குமிழால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகப் பயன்படுத்திவிட்டுக் குமிழைக் குறை சொல்கிறார்கள். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்கள் பலவற்றில் ‘ஆடிஸி டைனமிக் ஈ.கியூ.’ உண்டு. அளவீட்டு மைக் வைத்து அமைத்தபின், உண்மையான சத்தம் எவ்வளவு என்று அதற்குத் தெரியும், அதற்கேற்ப ஈடு செய்யும். படத்துக்கு அதன் ‘ரெஃபரன்ஸ் ஆஃப்செட்’ 0, இசைக்கு 10 அல்லது 15 வைத்துப் பாருங்கள். இசையில் 0 வைத்தால் பேஸ் திகட்டும். ஆர்.எம்.ஈ. நிறுவனத்தின் ஏ.டி.ஐ.-2 டி.ஏ.சி.யில் (டிஜிட்டல் இசையை ஆம்ப்ளிஃபயருக்கான சிக்னலாக மாற்றும் கருவி) உள்ள லவுட்னஸ் வசதியும் நன்றாக யோசித்துச் செய்தது. கணினியில் கேட்பவர்களுக்கு ‘ஈக்குவலைசர் ஏ.பி.ஓ.’, ‘கமில்லா டி.எஸ்.பி.’ என்ற இலவச மென்பொருள்களிலேயே இந்த வடிகட்டி இருக்கிறது.

இவை எதுவும் இல்லையா? சாதாரண ஈக்குவலைசர் போதும். வழக்கமாகக் கேட்கும் இரண்டு அளவுகளுக்கு இரண்டு அமைப்புகளைச் சேமித்துக்கொள்ளுங்கள். செய்முறை இப்படி:

1. ‘லோ ஷெல்ஃப்’ வடிகட்டியை (ஓர் எல்லைக்குக் கீழுள்ள ஒலிகளை எல்லாம் ஏற்றுவது) எடுத்து 100 ஹெர்ட்ஸை ஒட்டி வையுங்கள். 200-க்கு மேலே போக வேண்டாம். ஆண் குரலின் அடிச்சுரம் ஏறக்குறைய 85 முதல் 155 ஹெர்ட்ஸ் வரை இருப்பதால், ஷெல்ஃப் மேலே ஏற ஏறக் குரல் தடித்துப்போகும்.

2. 60 டெசிபல் பக்கம் கேட்பதற்கு 5 அல்லது 6 டெசிபல் கூட்டுங்கள். 50-க்கும் கீழே கேட்பதற்கு 8 முதல் 10 வரை. கணக்குப்படி வரும் முழு ஈட்டையும் கொடுத்தால் என் காதுக்கு அது மிகையாக இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கில் நிறுத்துவது இயல்பாக இருக்கும்.

3. எவ்வளவு கூட்டினீர்களோ அவ்வளவு ‘ப்ரீ ஆம்ப்’ அளவைக் (ஈக்குவலைசரில் உள்ள மொத்த அளவு) குறையுங்கள். இல்லாவிட்டால் டிஜிட்டல் சிக்னல் உச்சியில் வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

4. போர்ட் ஸ்பீக்கர் என்றால் அதன் எல்லைக்குக் கீழே, 35 அல்லது 40 ஹெர்ட்ஸில், ஒரு ‘ஹை பாஸ்’ (அதற்குக் கீழுள்ள ஒலிகளை வெட்டும் வடிகட்டி) போட்டுவிடுங்கள்.

5. ஒரு வாரம் அப்படியே கேளுங்கள். பழகிய பிறகு ஈக்குவலைசரை அணைத்துப் பார்த்து, ஒன்றிரண்டு டெசிபல் மாற்றுங்கள். அன்றன்றைக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் காது எதற்கும் பழகாது.

## படி 8: ஸ்பீக்கரை எங்கே வைப்பது?

சுவர் இலவசமாகப் பேஸ் தரும். பின்சுவரை ஒட்டி வைத்தால் தாழ்ந்த ஒலிகள் 6 டெசிபல் வரை கூடலாம், மூலையில் இன்னும் அதிகம். உரக்கக் கேட்பவர்கள் இதைத் தவிர்க்கச் சொல்வார்கள். மெதுவாகக் கேட்பவருக்கு இது வரப்பிரசாதம்.

அரைகுறை தூரம்தான் ஆபத்து. சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேரடி அலையோடு மோதி ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒலியை அழிக்கும். ஸ்பீக்கரின் முகப்பு சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால் 86 ஹெர்ட்ஸில் ஓட்டை விழும், அரை மீட்டர் என்றால் 171-இல். இந்த ஓட்டையை ஈக்குவலைசரால் நிரப்ப முடியாது, கூட்டக் கூட்ட அழிவும் கூடும். சுவரை நன்றாக ஒட்டி வைத்தால் ஓட்டை மேலே ஏறி, அவ்வளவாகத் தெரியாத இடத்துக்குப் போய்விடும். போர்ட் பின்புறம் இருந்தால் மூச்சுவிடச் சில அங்குல இடம் கொடுங்கள், பேஸ் மிஞ்சினால் ஸ்பாஞ்சால் போர்ட்டை அடைத்துப் பாருங்கள்.

நீங்கள் அறையின் நட்டநடுவில் உட்கார வேண்டாம். 4 மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸ் ஒலி அங்கேதான் காணாமல் போகும். அரை மீட்டர் முன்னோ பின்னோ நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும்.

## படி 9: சப்வூஃபர் வேண்டுமா?

ஸ்பீக்கர் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடுகிறது என்றால் வேண்டும். ‘மெதுவாகத்தானே கேட்கிறேன், எனக்கெதற்கு சப்வூஃபர்’ என்ற கேள்வி நியாயமாகத் தோன்றினாலும், மேலே பார்த்த எண்களின்படி ஆழ்ந்த பேஸ் முதலில் மறைவது மெதுவாகக் கேட்பவருக்குத்தான். பெரியது தேவையில்லை. எட்டு அல்லது பத்து அங்குல மூடிய பெட்டி தாராளம். கிராஸ்ஓவரை (ஸ்பீக்கரும் சப்வூஃபரும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் எல்லை) 80 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்தால் ஒலி எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது.

தானாக அணையும் தொல்லை இங்கே அதிகம். சுவிட்சை ‘ஆட்டோ’விலிருந்து ‘ஆன்’க்கு மாற்றுங்கள். அப்படி முடியாத சப்வூஃபரில், ரிசீவரில் சப்வூஃபர் வெளியீட்டை ஏற்றி, சப்வூஃபரின் சொந்தக் குமிழை அதே அளவு இறக்குங்கள். சத்தம் மாறாது, ஆனால் வரும் சிக்னல் பலமாக இருப்பதால் விழித்தே இருக்கும்.

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர். பேஸ்தான் சுவரைத் தாண்டும் என்பது சரி. ஆனால் காதின் அதே பலவீனம் இங்கே நமக்கு உதவுகிறது: 50 ஹெர்ட்ஸ் ஒலி 44 டெசிபலைத் தாண்டினால்தான் சராசரிக் காதுக்குக் கேட்கவே ஆரம்பிக்கும், 31.5 ஹெர்ட்ஸ் என்றால் 60 டெசிபல் பக்கம். சுவர் கொஞ்சம் உறிஞ்சிய பிறகு மிச்சம் அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை. தரை வழியாகப் போகும் அதிர்வுதான் வம்பு. சப்வூஃபருக்குக் கீழே தடித்த ரப்பர் அல்லது ஃபோம் மெத்தை போடுங்கள், சப்வூஃபரை உங்கள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்து அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கதவுக்கு வெளியே நின்று கேட்டுப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

## படி 10: படம் பார்ப்பவர்களுக்கு மட்டும்

படத்தில் வசனம் கேட்க ஏற்றினால் சண்டைக் காட்சி வீட்டை எழுப்பும். இது பேஸ் குறைவதிலிருந்து வேறான பிரச்சினை, மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவில் உள்ள தூரம்தான் காரணம். ரிசீவரிலோ டி.வி.யிலோ ‘நைட் மோட்’ அல்லது ‘டைனமிக் ரேஞ்ச்’ என்று இருப்பதை இயக்குங்கள். இது மெல்லியதை ஏற்றி உரத்ததை இறக்கும். இசைக்கு இதை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டு தட்டையாகிவிடும். ஐந்து ஸ்பீக்கர் அமைப்பு வைத்திருப்பவர்கள் நடு ஸ்பீக்கரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றிக்கொள்ளலாம். டைனமிக் ஈ.கியூ. பின் ஸ்பீக்கர்களையும் சேர்த்து ஏற்றும் பழக்கம் உள்ளது, அது உறுத்தினால் அவற்றைத் தனியாக இறக்கிவிடுங்கள்.